இலஞ்சித் தோப்பில் ஒரு கவச வண்டி

பழைய இரும்புக் கடைக்காரரிடம் கூலியாக இருந்தபோது, ஒரு சாரல் மாதத்தில் ஒருவரைப் பார்த்தேன். ராணுவம் கழித்துவிட்ட கவச வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து, இலஞ்சித் தென்னந்தோப்பில் வைத்துப் பல வருடமாகப் பழுது பார்த்து வந்தார். ஒல்லியான மனிதர். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயையே துருப் பிடிக்காமலிருக்க இரும்புக்கும் தடவுவார். பேசும்போதும் கை தடவிக்கொண்டே இருக்கும்.

தோப்பை அவருடைய தம்பிமார் விற்றுவிட்டார்கள். நாங்கள் போன அன்றைக்கே வண்டி ஓடி வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்துப் போக வேண்டும்.

எஞ்சின் உறுமியது. சக்கரம் அசையவில்லை. பிரேக் குழாயிலும் அவர் தேங்காய் எண்ணெயைத்தான் ஊற்றியிருந்தார். சாரல் குளிரில் அது உறைந்து சக்கரங்களை இறுக்கிவிட்டது.

"ஒரு வெயில் அடிச்சா இளகிரும் அண்ணாச்சி" என்று கெஞ்சினார்.

"குத்தாலத்துச் சாரலை நிக்கச் சொல்லுதீரோ?" என்று சிரித்த முதலாளி, என்னிடம் "கட்டரைப் பத்த வைலே" என்றார்.

வண்டிக்காரர் என் கையைப் பிடித்தார். பிசுபிசுத்த எண்ணெய்க் கை. "பின்னால இருந்து வெட்டு தம்பி. பிரேக்கைக் கடைசியா வச்சிக்கோ. அதுக்குள்ள வெயில் வந்தாலும் வரும்."

அப்படியே வெட்டினேன். பின்பாதி கழன்று சேற்றில் விழுந்த பிறகும் அவர் மலைமேல் கிடந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் வந்திருந்தால் எதை ஓட்டியிருப்பார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.