மாப்பிள்ளைக்குப் போன கள்ளிகள்

கல்முனை பஸாரில் மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் சீற் உறை தைக்கிற ஜவுபரின் விரல்களில் எப்போதும் முள் ஏறியிருக்கும். ஊசி குத்திய காயம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்த மாட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய தாடிக்காரர் ஒருவர், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நான் வீட்டுல கள்ளி வளக்கிறன்" என்று சொன்னால், அவரிடம் சீற்றைக் கழற்றிக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் வளர்த்தார். சாய்ந்தமருதில், கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டின் மொட்டைமாடி முழுக்கக் கள்ளிதான். உருண்டையாக, நீட்டாக, நரைத்த மயிரோடு, விரல் விரலாகக் கும்பலாக. பால்மா டின், ஓட்டைக் கேத்தல், வெடித்த ஹெல்மெட் என்று எதிலெல்லாம் மண் நிற்குமோ அதிலெல்லாம் கள்ளி நின்றது.

இந்தப் பைத்தியத்தைக் கொடுத்தது கடல். சுனாமி வந்து போனபின் அவர்களுடைய பழைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. குசினி இருந்த மூலையில் ஓர் எனாமல் கோப்பை கிடந்தது. அதற்குள் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கள்ளி. கோப்பையும் அவர்களுடையது அல்ல, கள்ளியும் அல்ல. ஜவுபர் அதைத் தூக்கிக்கொண்டு முகாமில் கூடாரம் கூடாரமாகக் கேட்டுப் பார்த்தார். வாயும் மனமும் இறுகிப்போய்க் கிடந்த சனம், இதைக் கேட்டதும் அவரை ஏறிட்டுப் பார்த்தது. ஒருவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை.

"எல்லாத்தையும் கொண்டுபோன கடல் இதயாவது தந்திச்சே" என்றார் மனைவி சபூறாவிடம்.

"என்ட தையல் மெசினக் கொண்டுபோய்ட்டு இதத் தந்திரிக்கு. கடலுக்கும் உங்களப் போலத்தான், சாமான் மாத்தத் தெரியல்ல" என்றாள் சபூறா. கடல் போனபின் அவள் சொன்ன முதல் பகிடி அது. அதற்காகவே ஜவுபர் அந்தக் கள்ளியைச் சாகவிடவில்லை.

அது குட்டி போட்டது. குட்டியைக் கிள்ளி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு மணலில் செருகினால் வேர் விடும் என்று தானாகக் கண்டுபிடித்தார். காயவிடாமல் நட்ட முதல் குட்டிகள் எல்லாம் அழுகிப்போயின. பிறகு கண்டிக்குப் போன இடத்தில், ஒரு பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு உருண்டை ஒன்று குந்திக்கொண்டிருக்கும் கள்ளியைக் கண்டார். சிவப்புக்குத் தானாகச் சாப்பாடு தேடத் தெரியாது, பச்சையின் தலையில் ஒட்டிவைத்தால்தான் உயிர் வாழும் என்று விற்றவர் சொன்னார். அன்றிலிருந்து வளர்ப்பது போதவில்லை, ஒட்டவும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் வேலியில் நின்ற சதுரக்கள்ளியை வெட்டி ஒட்டினார். அது வெள்ளைப் பாலாக வடித்தது. ஒட்டிய தலை அந்தப் பாலில் வழுக்கி, எண்ணெய் வைத்த தலையிலிருந்து தொப்பி விழுவதுபோல விழுந்தது. பால் வடிகிறது வேறு குடும்பம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் சரிவராது என்று விளங்க நாலைந்து தலை போனது. பிறகு மூன்று பட்டைக் கள்ளியில் ஒட்டு பிடித்தது. புதுப் பிளேட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டையும் ஒரே சீராக வெட்டி, நடுவில் தெரிகிற வளையத்தின்மேல் வளையம் படும்படி வைத்து, அசையாமல் இலாஸ்ரிக்கால் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் வெற்றிக்கு இலாஸ்ரிக் வந்தது சபூறாவின் உள்பாவாடையிலிருந்து. அதை அவள் அறிந்தது மௌலூது ஓதி விருந்து வைத்த ஒரு வீட்டில், சோற்றுச் சட்டியோடு நடந்துகொண்டிருந்தபோது.

யுத்தம் முடியாத காலம் அது. கண்டியிலிருந்து பெட்டி நிறையக் கள்ளி வாங்கிவந்த ஜவுபரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். பெட்டிக்குள் என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். கள்ளிக்குச் சிங்களம் ஜவுபருக்குத் தெரியாது. "கஹ" என்றார், மரம். பெட்டிக்குள் மரம் கொண்டுபோகிறவனை எந்தப் பட்டாளம் நம்பும்? சிப்பாய் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். அதன்பிறகு அந்தச் சாவடியில் ஜவுபரின் பெட்டியை மட்டும் எல்லோரும் தூர நின்றே பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பொண்ணு வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொண்ணு வீட்டுக்கு வருவார். வீடும் பொண்ணுக்குத்தான். ஜவுபரும் அப்படி ஒரு பெட்டியோடு சபூறா வீட்டுக்கு வந்தவரே. ஆகவே ஒட்டுக் கள்ளியை அவர் இப்படித்தான் விளக்குவார்: "கீழ நிக்கிறது பொண்ணு. வேரும் வீடும் அவளுட. மேல குந்திக்கிட்டு இரிக்கிறவர் மாப்பிள்ளை. பாக்க வடிவா இரிப்பார், வேர் இல்ல. சும்மா இருந்து தின்னுவார்."

"உங்களுக்கு அந்த வடிவும் இல்லயே" என்பாள் சபூறா.

வீட்டில் இருந்த எல்லாம் அவளுடையது. ஜவுபர் தன்னுடையது என்று கைநீட்டிச் சொல்லக்கூடியது மொட்டைமாடிக் கள்ளிகள் மட்டுமே.

யுத்தம் முடிந்த வருஷம் மகள் பஸ்மினாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றமீஸ் சம்மாந்துறை. வருஷக் கணக்காகப் போக முடியாமல் காடு பிடித்துக் கிடந்த காணிகளைத் திருப்பி வெட்டி விதைக்கிற உற்சாகத்தில் இருந்த, பெரிய வயல்கள் உள்ள போடியார் குடும்பம். தகப்பன் இல்லை. வயலும் வாயும் தாய் றாபியாவின் கையில். தன் மகன் வந்து இருக்கப்போகிற வீட்டைப் பார்க்க றாபியா வந்தார். அறைகளைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், படியேறி மேலேயும் போனார்.

மேலே போனவர் படிவாசலிலேயே நின்று சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மதினி இது, வீட்டுக்கு மேல முள்ளுக்காடு?"

சம்பந்தம் கைவிட்டுப் போகப்போகிறது என்று சபூறாவுக்குத் தோன்றியது. வாய் முந்திக்கொண்டது. "அதெல்லாம் வெளிநாட்டுச் சாமான் மதினி. லேசில கிடைக்காது. மாப்பிள்ளைக்கெண்டுதான் அவர் பாத்துப் பாத்து வளக்கிறார். வீட்டோட சேத்து மருமகனுக்குத்தான்."

வெளிநாடு என்றதும் றாபியா தலையாட்டிவிட்டு இறங்கினார். ஜவுபரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சபூறாவின் வாயிலிருந்து வந்த ஒரு வசனத்தில், கட்டில், அலுமாரி, கள்ளி எல்லாம் சீதனத்தில் ஏறிவிட்டன.

"நீ என்ட கள்ளியக் குடுத்திட்டாயே!" என்றார் அவர்கள் போனபின்.

"மகளக் குடுக்கிறீங்க, கள்ளியக் குடுக்க ஏலாதா?"

ஜவுபர் மாடிக்கு ஏறி, ஒவ்வொரு டின்னாக எண்ணிவிட்டு இறங்கினார்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு காவின் எழுதிக் கல்யாணம் முடிந்தது. ஜவுபரும் சபூறாவும் வீட்டுக்குப் பின்னால் இறக்கிய தகரக் கூரைப் பத்திக்கு மாறினார்கள். றமீஸ் நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, கொடுத்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. அதுதான் வினை. வயல்காரனுக்குப் பயிர் என்றால் தண்ணீர். காலையில் ஒரு வாளி, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வாளி என்று வரம்பு கட்டாத குறையாக ஊற்றினான். மாரி தொடங்கியதும், மழைக்கு மறைப்பாக ஜவுபர் கட்டியிருந்த பொலித்தீனையும், மழை படட்டும் என்று அவிழ்த்தான். பச்சை போதாது என்று வயலுக்கு எறிந்து மிஞ்சிய யூரியாவையும் கொண்டுவந்து எறிந்தான்.

ஒவ்வொரு வாளியும் ஜவுபரின் நெஞ்சில் விழுந்தது. ஆனால் புது மாப்பிள்ளையிடம் குறை சொல்ல முடியுமா? அதுவும் அவனுடைய பொருளைப் பற்றி?

"நீயாவது சொல்லன் மகள்" என்று பஸ்மினாவைக் கேட்டார்.

"போங்க வாப்பா. அவரோட இப்பதான் கதைக்கவே தொடங்கியிரிக்கு. முதல் கதையே கள்ளியா?"

கள்ளிகள் அடியில் கறுத்தன. தொட்டால் பழுத்த வாழைப்பழம் மாதிரி விரல் உள்ளே போனது. அழுகல் மேலே ஏறுமுன் நல்ல தலையை வெட்டி எடுத்து வேறு தண்டில் ஒட்டினால் தப்பிக்கும். றமீஸ் வயலுக்குப் போன ஒரு முற்பகலில் ஜவுபர் பிளேட்டோடு மேலே ஏறினார். தன் கள்ளியைத் தானே களவெடுத்தார். புள்ளி விழாத வெள்ளைச் சதை வரும்வரை சீவிச் சீவி, தலைகளைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், அங்கே ஒட்டிக் கட்டி, ஸ்பொஞ் தகடுகளுக்குப் பின்னால் மறைத்துவைத்தார்.

சரி, தலையில்லாத தண்டைப் பார்த்து மருமகன் கேட்டால்?

ஜவுபர் தன் தொழிலை நினைத்தார். சீற் உறைக்கு வைத்திருந்த பச்சை றெக்சினை எட்டுப் பட்டையாக வெட்டி, உள்ளே ஸ்பொஞ் அடைத்து, விளிம்புக்குக் கயிறு வைத்துப் பைப்பிங் ஓட்டித் தைத்தார். முள்ளுக்கு மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோத்தார். சிவப்புத் தலைக்குச் சிவப்பு றெக்சின். அடுத்த முற்பகல் கொண்டுபோய்த் தொப்பிபோலக் கவிழ்த்துவிட்டார். இப்படியே கடையில் உயிர் கூட, மாடியில் றெக்சின் கூடியது. ஓட்டோக்காரர்கள் சீற் எங்கே என்று வந்து வந்து திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் றமீஸ் படியிலிருந்தே கூப்பிட்டான். "மாமா! இஞ்ச வந்து பாருங்க!"

பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தபடி ஜவுபர் ஏறினார். றமீஸ் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"முதல்ல எல்லாம் கறுத்துக் கறுத்துச் செத்திச்சு. பயந்திட்டன். இப்ப ஒண்டாவது அழுகுதா எண்டு பாருங்க."

"இல்ல மகன். ஒண்டும் அழுகல்ல."

"யூரியா, மாமா! இந்தச் சிவப்ப அமத்திப் பாருங்க, நல்லாக் கொழுத்திரிக்கு."

ஸ்பொஞ் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. "ஓம் மகன்" என்றார் ஜவுபர். "நல்லாப் புடிச்சிரிக்கு."

இந்தப் பெருமையை றமீஸ் தன்னோடு வைத்துக்கொள்வானா? தாயிடம் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவும் சாப்பாடும் முடிந்த கையோடு, றாபியா மொட்டைமாடியில் நின்றார். பின்னால் சபூறா, பஸ்மினா, மருமகன். எல்லாருக்கும் பின்னால் ஜவுபர், வியர்த்து வடிந்துகொண்டு.

"வடிவுதான்" என்றார் றாபியா. "மகன், இந்தச் சிவப்ப நான் கொண்டுபோறன். ஷோகேஸில வைக்க."

"கொண்டுபோங்க உம்மா. என்ட கையால வளத்தது."

ஜவுபர் முன்னால் பாய்ந்தார். "மதினி, தொடாதீங்க! முள்ளு!"

"நெல்லறுத்த கை காக்கா. முள்ளு என்ன செய்யும்?" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டே றாபியா குனிந்து தலையைப் பிடித்துத் தூக்கினார்.

தலை மட்டும் வந்தது.

"யா அல்லாஹ்!" என்று அவர் அதை இறுக்கிப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து றமீஸ் ஊற்றிய தண்ணீர் முழுவதும் முழங்கை வழியாக ஓடியது, யூரியா மணத்தோடு.

"உம்மா! கழுத்த முறிச்சிட்டீங்களே!" என்று அலறினான் றமீஸ்.

றாபியா கையில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தார். பைப்பிங்கைத் தடவினார். மகனைப் பார்த்தார். "இது உன்ட மோட்டசைக்கிள் சீற்றுட துணிதானே?"

எல்லோரும் திரும்பிச் சீற் தைக்கிறவரைப் பார்த்தார்கள். சபூறா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பொய் ஒன்றைத் தேடினார் ஜவுபர். எட்டுப் பட்டையும் பைப்பிங்கும் போட்ட சாட்சிக்கு முன்னால் எந்தப் பொய் நிற்கும்?

"உங்கட மகன் தண்ணி ஊத்தியே கொல்லப் பாத்தார் மதினி. சொல்ல வாய் வரல்ல. உசிர் இருந்த தலையெல்லாத்தையும் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ட்டன். மாப்பிள்ளைட சாமானக் களவெடுத்திட்டன். ஆனா அதுகள் சாகிறதப் பாத்துக்கிட்டு இரிக்க எனக்கு ஏலாது."

றாபியா றெக்சின் கள்ளியை இன்னொரு தரம் பிழிந்தார்.

"காக்கா, இதுக்குத் தண்ணி ஊத்தணுமா?"

"இல்ல."

"இந்த முள்ளு?"

"தங்கூசி. குத்தாது."

"அழுகுமா?"

"றெக்சின் மதினி. வெயில்ல வெடிக்காட்டி எங்கட காலத்துக்குக் கிடக்கும்."

"அப்ப எனக்கு இதுதான் வேணும்" என்றார் றாபியா. "அண்டைக்கு இவ வெளிநாடு எண்டு சொன்னதால நான் வாயப் பொத்திட்டுப் போனன். இந்த முள்ளுகளுக்கு நடுவுல என்ட புள்ள எப்பிடி இரிக்கப் போறான் எண்டு எனக்கு நித்திரையே இல்ல. உசிருள்ளதுகள நீங்களே வச்சிக்கங்க. எங்களுக்கு இதுல ஒரு டசின் தச்சுத் தாங்க. ஒரு மஞ்சளும் வேணும்."

பஸ்மினாதான் முதலில் வெடித்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு சபூறா. றமீஸ் மட்டும் வரிசை வரிசையாக நின்ற பச்சைத் தலைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டு போனான். எல்லாம் பிச்சுப் பிச்சென்று தண்ணீர் விட்டன.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்குத் தண்ணி ஊத்தினன்?" என்றான்.

"சீற்றுக்கு" என்றாள் பஸ்மினா.

மறுநாள் ஜவுபர் கடையிலிருந்த கள்ளிகளை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, பொலித்தீனை இழுத்துக் கட்டி, அதன் கீழ் வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடிகிற நேரம் படியில் காலடி கேட்டது. றமீஸ் பழக்க தோஷத்தில் வாளியோடு வந்து நின்றான்.

ஜவுபர் அவனை நேருக்கு நேர் பார்த்தார். மகளின் காவினுக்குப் பிறகு மருமகனுக்கு அவர் சொன்ன முதல் கட்டளை இதுதான்:

"மகன், வாளியக் கீழ வைங்க."

வைத்தான்.