ஹாலிவுட் போன எத்துப்பல்

இந்த ஊரில் லிஃப்டுக்குள் நுழைந்தால் முன்பின் தெரியாத ஆள்கூடப் பல்லைக் காட்டுகிறார். 2004இல் வந்த புதிதில் யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பேன், ஜிப்பைத் தடவிப் பார்ப்பேன். கடலூரில் காரணமில்லாமல் பல்லைக் காட்டினால் "என்னா இளிப்பு?" என்று கேட்டுவிடுவார்கள். இங்கே காட்டாவிட்டால்தான் குற்றம். "உனக்கு என்ன துக்கம்?" என்று என் முதலாளி ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டார். துக்கமெல்லாம் இல்லை, என் முகமே இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டு ஞாபகம் போலிருக்கிறது, பாவம் என்று மத்தியானம் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் பிழைப்பே பல்தான். சிதம்பரத்தில் பல் கட்டும் லேப் ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் வடித்து, பல் செட் செய்து திருப்பி அனுப்புவோம். அதே வேலைக்குத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பர்பேங்க் என்ற ஊருக்கு வந்தேன். முதலாளி ஆராம் ஆர்மீனியர். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் லேபில் பாதி வேலை கிழவர்களுக்கு, மீதிப் பாதி சினிமாவுக்கு. பேய்ப் பல், குதிரைப் பல், ஓட்டைப் பல் எல்லாம் செய்வோம். பேய்ப் படங்களைவிடச் சிரிப்புப் படங்களுக்குத்தான் ஆர்டர் ஜாஸ்தி. அமெரிக்காவே கொண்டாடும் சிரிப்பு நடிகர்கள் நாற்காலியில் சாய்ந்து என் எதிரே வாயைத் திறந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஊரிலிருக்கும் நண்பர்கள் "நேர்ல எப்பிடிடா இருப்பாங்க, சும்மா பேசினாலே சிரிப்பு வருமா?" என்று ஃபோனில் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். இவர்கள் உழைப்பாளிகள். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார்கள். முகத்தை ரப்பராக இழுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அளவெடுக்கும் மாவை வாயில் வைத்தால் எவனுக்கும் குமட்டும், அவர் அசையாமல் கிடந்தார். புதுப் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு மணி நேரம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. ஒரு முறை கண்ணை உருட்டினால் சிரிப்பு வரும், பதினோராவது முறை உருட்டும்போது டாக்டரைக் கூப்பிடலாமா என்று தோன்றும். குண்டு நடிகர் ஒருவர் விழுவதில் சூரர். எலும்பு நோக நிஜமாகவே விழுவார், டூப் வைத்துக்கொள்ள மாட்டார். அப்படி விழுவதில் ஒரு சுத்தம் உண்டு. ஆனால் பத்துப் படத்திலும் அதே மாதிரிதான் விழுவார், அதே மேசை மேல். வேகமாகப் பேசுகிற இன்னொருவர் இருக்கிறார். அவர் பேச்சிலிருந்து கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டால் மிச்சம் மூச்சு வாங்கும் சத்தம்தான். எனக்குப் பிடித்தவர் ஒரே ஒரு நடிகை. எதிரே நிற்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர், கேட்கும்போது அவர் முகத்தில் நடப்பதுதான் சிரிப்பு. அவருக்குக் கொடுப்பதெல்லாம் புருஷனைப் பார்த்துக் கத்துகிற வேடம். டிவித் தொடர்களில் இன்னும் மோசம், ஆளே இல்லாத சிரிப்புச் சத்தத்தைப் பின்னால் சேர்த்துவிடுகிறார்கள். தங்கள் ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் ஊர்ப் படங்களும் யோக்கியமில்லை. எத்துப்பல் வைத்த பெண்ணை நிறுத்தினால் கொட்டகை சிரிக்கும் என்பதற்கு மேல் நம்மாட்களுக்கும் யோசனை போனதில்லை.

எத்துப்பல் என்றதும் என் தங்கை ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. 2004 ஆரம்பத்தில், நான் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னால், பண்ருட்டிப் பக்கமிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மேல்பல் நான்கும் அவளுக்கு முன்னால் தள்ளியிருக்கும். தரகர் இதை முன்பே சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாயைத் திற என்று மாடு பிடிக்கிற மாதிரிக் கேட்க முடியாதே. அதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மாமா முறையாகிற ஒருவர், பேச்சுக்காரர், எங்கே போனாலும் அவரைக் கூட்டிப் போவார்களாம். அவர் வேலை பெண்ணைச் சிரிக்க வைப்பது. முதல் ஜோக்குக்கு ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதுக்கும் தாங்கிவிட்டாள். மூன்றாவது, தன் பெண்டாட்டி பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் இவர் பாவத்தையெல்லாம் சொல்லிவிட்டு வந்த கதை. நிஜமாகவே நல்ல ஜோக். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். எப்போதும் போலக் கை வாய்க்குப் போனது. பக்கத்திலிருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் "இருக்கட்டும்மா" என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, "பொண்ணு புடிச்சிருக்குது, பல்லுதான் கொஞ்சம் எடுப்பா இருக்குது" என்று சொல்லியனுப்பினார்கள், சம்பந்தம் அதோடு நின்றது. நான் இதுவரை சந்தித்த சிரிப்பு நடிகர்களிலேயே கைதேர்ந்தவர் அந்த மாமாதான், அவரை நினைத்தால் இன்றும் எனக்குக் கை பரபரக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தாவைச் சிதம்பரம் பஸ்ஸில் கூட்டிப்போய், பூட்டியிருந்த லேபைத் திறந்து, நானே அவளுக்கு அளவெடுத்தேன். "ரெண்டே வருஷம். நல்ல டாக்டரா பாத்து உனக்குக் கிளிப் போட்டு விடறேன்" என்றேன். "எனக்கு அவசரமில்லண்ணே, மொதல்ல நீ போய்ச் சேரு" என்றாள். அந்த அளவில் ஊற்றியெடுத்த பிளாஸ்டர் அச்சைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் துண்டைப் பிரித்து, இது என்ன என்றார். "மை சிஸ்டர், சார்" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தாடையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். வெளியே விட அரை மணி நேரமாயிற்று. லேபில் என் மேசைக்கு மேலிருந்த பலகையில் அதை வைத்தேன். அங்கேயே மூன்று வருஷம் இருந்தது. இங்கேயே தங்குவதற்கான என் பச்சை அட்டைக் காகிதங்களில் ஆராம் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அது நகராமல் ஊருக்குப் போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று வக்கீல் பயமுறுத்தியிருந்தார். கிளிப்புக்கு நான் சொன்ன இரண்டு வருஷம் அப்படித்தான் போனது.

2007இல் ஒரு நடிகர் வந்தார். அடுத்த நாட்டுக்காரர்களாக வேடம் போடுவதில் பெயர் வாங்கியவர். சீனராக, மெக்சிகோக்காரராக நடித்து முடித்துவிட்டு இந்தியர் பக்கம் வந்திருந்தார். நெடுஞ்சாலையோர விடுதியில் சாவி கொடுக்கிற ராஜா என்ற ஆளாக நடிக்கப் போகிறார், அதற்கு எத்துப்பல் வேண்டும். அவருக்குச் செவி கூர்மை, அதை மறுக்க மாட்டேன். நான் இரண்டு வார்த்தை பேசியதும் அதை அப்படியே திருப்பிப் பேசிக் காட்டினார். ஆராம் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் பல்லைக் காட்டினேன். நான் செய்து வைத்த மூன்று மாதிரிகளையும் அவர் பொம்மைப் பல் என்று தள்ளிவிட்டார். அப்புறம் பலகையைப் பார்த்து, "அது! அந்த வாய்தான் வேண்டும்" என்றார். ஜெசிந்தாவின் அச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்டார். ஆராம் என்னைப் பார்த்தார். யாருடையதோ என்றால் அனுமதி, வக்கீல் என்று இழுக்கும்; இந்தப் படத்தின் வேலை முழுவதும் எங்களுக்குக் கிடைக்குமா என்பது அந்தப் பதிலில் இருந்தது. விமான நிலையத்தில் தயங்காமல் சொன்னவன் நான். இங்கே, "யாருடையதும் இல்லை" என்றேன்.

நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. வலது முன்பல்லின் முனையில் ஒரு சின்ன உடைசல் இருந்தது, அதையும் விடாமல் எடுத்தேன். நடிகர் மாட்டிப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்தார். மறுவாரம் ஆராம் என் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். படத்தை இங்கே தியேட்டரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ராஜா திரையில் வந்து வாயைத் திறந்ததும் அரங்கமே சிரித்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நின்றார். தலையை ஆட்டினார், ஈ என்றார். இதற்கா இவ்வளவு புகழ், பல்லை எடுத்துவிட்டால் இந்த ஆளிடம் என்ன இருக்கிறது என்று கோபமாக வந்தது. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

கடலூருக்கு இது எங்கே வரப்போகிறது என்றிருந்தேன். 2010இல் தமிழில் குரல் கொடுத்து டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டார்கள். ஜெசிந்தா அப்போது ஆரம்பப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அம்மா ஃபோனில் சொன்னாள்: "உன் தங்கச்சிய இஸ்கூல்ல புள்ளைங்க ராஜா மிஸ்ஸுன்னு கூப்புடுதுங்களாம்டா. ஏதோ படம் வந்துச்சாம். இவளும் சிரிச்சிக்கினே வந்து சொல்றா." ஜெசிந்தாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவளோடு பேசும்போதெல்லாம் மழை உண்டா, வெயில் உண்டா என்று கேட்டு முடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியுமா என்பது தெரியாமல் என்னால் வேறு எதுவும் பேச முடியவில்லை.

2011 கடைசியில் பச்சை அட்டை கைக்கு வந்தது, அந்த வாரமே கடலூரைப் புயல் அடித்துப் போட்டது. ஜனவரியில் போய் இறங்கினேன். தெருவெல்லாம் மரம், கரண்ட் இல்லை, வீட்டு ஓடுகளில் பாதியைக் காணவில்லை. பெட்டியில் அளவெடுக்கும் பொடியும் தட்டும் கொண்டுபோயிருந்தேன். சிதம்பரத்தில் டாக்டரிடமும் பேசி வைத்திருந்தேன். பள்ளிக்கு லீவு விட்டிருந்ததால் ஜெசிந்தா வாசலில் நனைந்த நோட்டுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது, காதோரம் நரை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே, அந்தப் படத்துல வர்றது என் பல்லுதானே?"

நான் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முனை ஒடைஞ்சது மொதக்கொண்டு அப்பிடியே இருக்குது. வேற யாருக்கு இருக்கும் அது?"

"எப்ப கண்டுபுடிச்ச?"

"பாத்தப்பவே. பக்கத்து வீட்ல உக்காந்து பாத்தோம், எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்னா செய்யச் சொல்ற?" ஒரு நோட்டைத் திருப்பிப் போட்டாள். "நீ நல்லாத்தாண்ணே செஞ்சிருக்க. அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல. எத்துப்பல்லு உள்ளவுங்க எப்பவும் வாய மூடத்தான் பாப்பாங்க. உதடு எட்டாது, இழுத்து இழுத்து மூடுவோம். சாப்பிடறப்ப, போட்டோ புடிக்கிறப்ப, பஸ்ஸுல போறப்ப எல்லாம் அதே வேலதான். அவன் படம் பூரா தொறந்தே வெச்சிருக்கான். என்னா நடிகன் அவன்?"

அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த நடிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கூடப் பிறந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அந்தப் பல்லை நான்கு நாள் கையில் வைத்திருந்தவன். மூடப் பார்க்கிற உதட்டை நானும் கவனித்ததில்லை. அந்த ஆளை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தேனே, எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப அந்தப் பல்லு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"அவன் வீட்ல. ஞாபகத்துக்குக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கானாம், டிவியில சொன்னான்."

"அடேங்கப்பா" என்று சிரித்தாள். கை வாய்க்குப் போனது.

மன்னிப்பு கேட்டேன். யாருடையதும் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவள் இன்னொரு நோட்டை எடுத்து உதறி விரித்தாள். பொடி கொண்டுவந்திருக்கிறேன், நாளைக்கே சிதம்பரம் போவோம், இந்த வருஷத்துக்குள் கிளிப் போட்டுச் சரியாக்கிவிடலாம் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"வேணாண்ணே. இத நீ சரி பண்ணிட்டா, அப்புறம் இந்தப் பல்லு உலகத்துல அவங்கிட்ட மட்டுந்தான் இருக்கும்."

பொடியைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் இந்த முறை ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. அட்டையை நீட்டினேன், "வெல்கம் ஹோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அட்டையில் என் பெயரும் என் முகமும் இருக்கின்றன. அதை எனக்கு வாங்கிக் கொடுத்த வாய் கடலூரில், கைக்குப் பின்னால் இருக்கிறது.