சட்டியை இறக்கி வைத்தவள்

ஏணியின் முதல் படியில் நின்று ஒரே ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். இரண்டாவது வாய் கிடையாது. மேலே ஏறிவிட்டால் மதியம் வரை இறங்க முடியாது; கிரேனைச் செய்தவன் எவனும் ஒரு பெண் அதில் ஏறி உட்காருவாள் என்று நினைத்துச் செய்யவில்லை. பிறகு நூற்றுப் பன்னிரண்டு படி. கேபினுக்குள் போனதும், இத்தனை வருடம் சும்மாடாகத் தலையில் சுற்றிய துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். லீவரில் கை வைத்து, "வா கண்ணு, வேலையப் பாப்போம்" என்பாள்.

முதல் நாள் வாக்கி-டாக்கியை அணைக்க மறந்துவிட்டாள். அந்தக் "கண்ணு" கட்டடம் முழுக்கக் கேட்டுவிட்டது. கம்பி கட்டுகிறவர்கள், "இதோ வந்துட்டோம் கண்ணு" என்று பதில் சொல்லிக் கூத்தடித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

இருபத்திரண்டு வருடம் சித்தாள் வேலை. கலவைச் சட்டி, செங்கல், ஜல்லி என்று எது வந்தாலும் தலைதான். கடைசியில் கழுத்தெலும்பு தேய்ந்து, இனி பாரம் ஏற்றினால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷன் நல்ல கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து வளைந்த ஆணிகளை நிமிர்த்துகிறான். மகள் பத்தாவது முடித்திருந்தாள். வீட்டில் சட்டி தூக்க அடுத்த தலை அதுதான். மேற்கொண்டு விவரிக்கத் தேவையில்லை.

இந்த நிலையில்தான் வேலைப் பயிற்சித் திட்டம் என்று அரசாங்கத்து அம்மா ஒருவர் ஒலிபெருக்கியோடு கொட்டகைக்கு வந்தார். ஏழைப் பெண் என்றாலே தையல் மிஷின் என்று அரசாங்கங்களுக்கு ஒரு நினைப்பு. அந்த அம்மாவும் தையலுக்கான தாளைத்தான் நீட்டினார். இவள் வாங்கவில்லை.

"தையல் வேணாம்மா. அந்தா, ஒசரமா நிக்குதே, அதை ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?"

அந்த அம்மா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பட்டியலைப் புரட்டியவர் நிறுத்திவிட்டார். கிரேன் பயிற்சி என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பெண்கள் சேரக் கூடாது என்று எங்கும் போடவில்லை. யாரும் கேட்கமாட்டார்கள் என்று விட்டிருப்பார்கள்.

நான்கு மாதம். பயிற்சி நாளுக்கும் கூலி உண்டு என்பதால் அடுப்பு எரிந்தது. எல்லாம் தேறினாள். ஆனால் ஏதாவது ஒரு கட்டடத்தில் ஏழு நாள் ஓட்டி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் உரிமம். ஐந்து இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது, கொட்டகைக்கு எதிரிலேயே இருந்த கட்டடம்; அங்கிருந்த ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால், வேறு வழியில்லாமல் அந்த மேஸ்திரி சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரிக்கு முழங்கால் வலி. மாடி ஏறமாட்டார். தரையில் நாற்காலி போட்டுக்கொண்டு கிரேன் எத்தனை நடை போகிறது என்று எண்ணுவார். பழைய ஆள் ஒரு நாளைக்கு முப்பது நடை அடிப்பான். இவள் இருபதைத் தாண்டவில்லை. மேஸ்திரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்மா, செங்கல்லுக்குத் தாலாட்டா பாடுற? இறக்கிப் போட்டுட்டு வாம்மா!"

"நடுவுல போட்டா தளத்துல இருக்குற பொம்பளைங்க அங்கேருந்து ஒவ்வொரு சுவருக்கும் சுமக்கணும் மேஸ்திரி. நான் சுமந்திருக்கேன்."

தளத்துக்கு நடுவில் கொட்டிவிட்டுப் போவதுதான் ஊர் உலகத்து வழக்கம். இவள் ஒவ்வொரு கொத்தனாரின் பக்கத்திலும் அளந்து இறக்கினாள். கலவை ஒரு பக்கம், கல் ஒரு பக்கம்.

ஆறாம் நாள் சாயங்காலம் வாக்கி-டாக்கியில் தீர்ப்பு வந்தது. "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டுக் கெளம்பும்மா. கையெழுத்தெல்லாம் எதிர்பாக்காத."

"சரிங்க மேஸ்திரி" என்றாள்.

கொட்டகையில், சேதி தெரிந்த மகள் தட்டைக் கழுவியபடியே கேட்டாள்: "திங்கக்கெழமை நான் வரட்டாம்மா, வேலைக்கு?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல" என்றாள் இவள்.

ஏழாம் நாளும் அதே நிதானம்தான். வேறு யாராக இருந்தாலும் பயந்து மாறியிருப்பார்கள். பத்து மணிக்கு மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே ஏழாம் தளத்துக்கு ஏறினார். அடுத்த வாரம் வரவேண்டிய உயரத்துக்குச் சுவர் வந்திருந்தது. இரண்டு சித்தாள்கள் கையில் கரண்டியோடு கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருய்யா இவளுங்க கையில கரண்டியக் குடுத்தது?"

"நான்தான்" என்றார் மூத்த கொத்தனார். "கல்லு கைக்கிட்டயே வந்து உக்காருது. சுமக்க வேலையில்ல. சும்மா நிப்பானேன், பிடிங்கன்னு குடுத்தேன். எனக்கு இடதுகைப் பழக்கம் மேஸ்திரி. அந்தம்மா ஒருத்திதான் அதைப் பாத்து இடப்பக்கமா எறக்குது."

மேஸ்திரி நம்பவில்லை. தூக்குக்குண்டை வாங்கி, பெண்கள் கட்டிய சுவரில் தானே தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் மயிரிழை விலகவில்லை.

"மேஸ்திரி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அடுத்த சுவருக்குக் கட்டுன கயித்த மிதிக்கிறீங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி.

மேஸ்திரி ஓரமாக நின்றார்!

கீழே வந்ததும், அவள் முதல் நாளே கொடுத்து வைத்திருந்த படிவத்தை எடுத்து, கையெழுத்தைப் போட்டார். ஆனால் மனிதர் வாய் திறந்து யாரையும் பாராட்டிப் பழகாதவர். வாக்கி-டாக்கியை எடுத்தார், வைத்தார். பிறகு ஒரு ஒட்டுப்பலகையை இழுத்துப்போட்டு, கம்பிக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டில் தூரிகையை முக்கி எழுதினார்: 'கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கும் வா.' இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டி, "தூக்கு" என்று மட்டும் சொன்னார்.

வழக்கமான பலகை என்று நினைத்து அவள் தூக்கினாள். மூன்றாம் தளத்தில் கம்பிக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஐந்தாம் தளத்தில் கைதட்டல். ஏழாம் தளத்தில் பெண்கள் கரண்டியால் சுவரைத் தட்டிக் கத்தினார்கள். "அக்கா, படிச்சுப் பாரு!" பலகை அவள் உயரத்துக்கு வந்து, காற்றில் மெல்லத் திரும்பியது. உதடு அசைய ஒருமுறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தாள். சந்தோஷத்தில் அவளால் உட்கார முடியவில்லை. கேபினில் எழுந்து நிற்க இடமும் இல்லை.

இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே லீவரைத் திருப்பினாள். கிரேனின் கை கட்டடத்தைத் தாண்டி, மணல் மேட்டைத் தாண்டி, தகரக் கொட்டகைகளுக்கு முன்னால் இருந்த வெட்டவெளிக்குப் போய் நின்றது. சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். இவள் பலகையை அங்குலம் அங்குலமாக இறக்கி, மகளின் கண்ணுக்கு நேராக நிறுத்தினாள்.