துரை வரும் சத்தம்

இன்று சிக்னலில் ஏதோ பழைய காரின் பிரேக் கிறீச்சிட்டதும், இந்த வயதிலும் என் கால்கள் ஓடப் பார்த்தன. பெங்களூர் கண்டோன்மெண்ட்டில் அப்பா காரோட்டிய துரையின் பங்களாவில், கார் ஷெட்டை ஒட்டிய, பெட்ரோல் வாடையடிக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. துரை கண்ணில் பிள்ளைகள் படக்கூடாது என்பது உத்தரவு. அவர் காரில் கிளம்பியதும் தோட்டத்துப் புல்லில் உருளுவோம். கேட் இறக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டால் அறைக்குள் பாய்ந்துவிடுவோம். சத்தம் எதனாலென்று பிடிபடவில்லை என்று மாதக்கணக்கில் துரையிடம் சாதித்துவந்த அப்பா, வேலை போய்விடும் என்று அவர் மிரட்டியதும், ஒரே மத்தியானத்தில் சக்கரங்களைக் கழற்றி, கண்ணாடிபோல் வழவழத்திருந்த பிரேக் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து முடித்தார்.

"சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா.

"ஆயிடுச்சு. இனிமே புள்ளைங்கள வெளிய வுடாத."