பாட்டு நிற்கும், நீங்கள் நடங்கள்

டிஜே வேலை என்றால் பட்டனை அமுக்கிவிட்டுப் பிரியாணி வரிசையில் போய் நிற்பது என்று மலேசியாவில், எங்கள் ஈப்போ ஊரில் பலர் நம்புகிறார்கள். கேமரா பிடிப்பவர்களே, மேடை அலங்கரிப்பவர்களே, உங்களையும் இப்படித்தானே நினைக்கிறார்கள்? அதனால்தான் உங்களிடம் சொல்லி அழுகிறேன்.

ஒரே பாட்டு, இரண்டு பக்கம்

என் மேசையில் பாட்டு ஓட்டும் தட்டுகள் இரண்டு உண்டு. சில நேரம் இரண்டிலும் ஒரே பாட்டைத்தான் போடுவேன். இடது பக்கம் பாட்டின் தொடக்க மேளம் ஓடும்போதே வலது பக்கத்தை ஆரம்பத்துக்கு இழுத்து வைத்துக்கொள்வேன். இது முடிகிற நொடியில் அதற்குத் தாவி, மறுபடி இதை இழுப்பேன். இப்படியே பதினைந்து நொடி மேளத்தை, பெண் சேலை கட்டி முடிக்கிறவரை ஓட்டலாம். இதைத் தானாகவே செய்ய ஒரு பட்டன் இருக்கிறது. அது கணக்காகச் சுற்றும். மனிதர்கள் கணக்காக வருவதில்லை.

ஒரு வளைகாப்பில், முறுக்குத் தட்டோடு என் பின்னால் வந்து நின்ற அக்கா ஒருவர் என் கணினித் திரையை உற்றுப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு பரிதாபம். "ஏம்மா, ஒரே பாட்ட ரெண்டு தடவ எடுத்து வச்சிருக்கியே, மறந்துட்டியா?"

தாப்பாவில் என் சாதனை

இரண்டு தட்டிலும் ஒரே பாட்டை ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றை மட்டும் அரைத் தாளம் பின்னால் தள்ளினால், ஒரு மேளக்காரர் இரண்டு பேராகிவிடுவார். வீட்டில் ஒரு மாதம் பழகி, தாப்பாவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதை அவிழ்த்துவிட்டேன். எனக்கே புல்லரித்தது. திடீரென்று மண்டபத்தில் பாதிச் சத்தம் அடங்கிப்போனது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பிளக்கைக் கையில் பிடித்தபடி வந்து ஆறுதல் சொன்னார்: "அந்த ஸ்பீக்கர் கொஞ்சம் லேட்டா பாடுது லா தங்கச்சி. நான் கழட்டிட்டேன்."

ஆயர் தாவார் கல்யாணம், முதல் நாள்

மணப்பெண் கவிதாவின் அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். போன வருடம் வந்த பக்கவாதத்தில் வலது கால் இழுத்துக்கொண்டது. சக்கர நாற்காலி வேண்டாம், வாசலிலிருந்து மேடைவரை மகளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவர் எப்போதும் பஸ்ஸில் போடும் பாட்டுதான் வேண்டும் என்பது மகளின் ஆசை.

ஒத்திகையில் அவர் கேக் மேசையைத் தாண்டுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. மீதித் தூரம் கைத்தடிச் சத்தம் மட்டும். "நீ மாமா கூட போயிரும்மா" என்றார் மகளிடம். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் தாங்கவில்லை. "அங்கிள், நீங்க நடங்க. நீங்க மேடைக்கு வர்றவரைக்கும் பாட்டு உங்களுக்காக நிக்கும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டு என்ன நான் ஓட்டுன பஸ்ஸா, ஆளுக்காக நிக்கிறதுக்கு?"

ஆயர் தாவார், மறுநாள்

கதவு திறந்தது, அப்பாவும் மகளும் நடக்க ஆரம்பித்தார்கள். உறுமி மேளம் ஆரம்பித்தது. இடது, வலது, இடது, வலது. பாட்டுக்குள் இருக்கும் பாடகர் வாயைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு முறையும் அவரைத் திருப்பி அனுப்பினேன். பாதி வழியில் கை வழுக்கி, பாட்டின் முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது. உயிரே போய்விட்டது எனக்கு. நல்லவேளை, அடுத்த அடியிலேயே மேளத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவிதாவின் அப்பா மட்டும் நின்று என்னைப் பார்த்தார், சிரித்தார். பாட்டு நிஜமாகவே நிற்கிறது என்று புரிந்ததும் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது. சம்பந்திக்கு ஒரு கும்பிடு, பழைய கண்டக்டரிடம் நலம் விசாரிப்பு. என் மணிக்கட்டு கழன்றுவிடும் போல இருந்தது. மேடையின் முதல் படியில் அவர் கால் வைத்ததும் பாடகரைப் பாட விட்டேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் மேசைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கைத்தடியை ஊன்றி என் மேசைவரை அவரே நடந்து வந்தார். "நல்லா நிறுத்தி என்னைய ஏத்திக்கிட்டீங்க லா. ஒரு எடத்துல மட்டும் கிளட்ச்ச சட்டுனு விட்டுட்டீங்க."

ஆக, இத்தனை வருடத்தில் என் வேலையை ஒழுங்காகக் கவனித்தவர் ஒரே ஒருவர், அவரும் கவனித்தது என் தப்பைத்தான்.