இட்லிப்பூச் செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு செங்கல் சூளை, லாரி, கல்யாண மண்டபச் சமையல் என்று எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை. கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

பட்டறையை நடத்தியவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு அக்கா. நெசவாளர்கள் கொடுக்கும் பட்டு நூலை வேகவைத்துப் பசையை நீக்கிச் சாயம் போட்டுத் தருவோம். வேகவைப்பது என் வேலை. அண்டாவில் சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் நூலைக் கழியில் மாட்டித் திருப்ப வேண்டும். முதல் பத்து நாள் கைத்தோல் உரியும், பிறகு பழகிவிடும். பின்பக்கம் தகரக் கொட்டகையில் படுக்கை.

வாசலில் இடுப்பு உயரத்தில் ஒரு இட்லிப்பூச் செடி இருந்தது. அக்காவின் அம்மா வீடு திருப்புட்குழிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்ததாம். சாலையை அகலப்படுத்தியபோது வீடு போய்விட்டது. இடிப்பதற்கு முந்தைய நாள் அக்கா அங்கிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தது இந்தச் செடியை மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிவப்புக் கொத்து அம்மனுக்குப் போகும். வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது.

அந்த வருடம் மாசியிலேயே தண்ணீர் தட்டுப்பாடு வந்துவிட்டது. நூல் வெந்த தண்ணீர் ஆறியதும் பார்க்கக் கஞ்சி போலவே இருக்கும். அதைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. புழு கக்கிய பசை, செடிக்குச் சத்தாகத்தான் இருக்கும் என்று நினைத்து, தினம் சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மொட்டுகள் கருகி உதிர்ந்தன. அக்கா சாணம் வைத்துப் பார்த்தார், வேப்பம்பிண்ணாக்கு வைத்துப் பார்த்தார். நான் மூன்றாவது குடமும் ஊற்றினேன்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள துளிர் வரலன்னா புடுங்கிப் போட்டுடுப்பா," என்றார் ஒருநாள். "வாசல்ல சாவக் கெடக்கறத தெனம் பாத்துக்கினு என்னால வேல செய்ய முடியல."

மறுநாள் அடுப்புக்கு உமி வாங்க வாலாஜாபாத் அரிசி ஆலைக்குப் போனேன். வழியில் ஒரு நர்சரியில் இறங்கி, போனில் எடுத்திருந்த இலைப் படத்தைக் காட்டினேன். அங்கிருந்தவர் என்ன தண்ணீர் என்று கேட்டார். சொன்னேன்.

"சோடாவையும் சோப்பையும் ஊத்திட்டு, ஏன் சாவுதுன்னு என்னைக் கேக்கறியே. புளிப்பு மண்ணுல வர்ற செடிபா அது. உன் சோத்துல சுண்ணாம்பக் கொட்டினா நீ துன்னுவியா?"

சிரித்து முடித்துவிட்டு வழியும் சொன்னார். மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வாரிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய இலையும் போட வேண்டும். வாரம் ஒருமுறை புளித்த மோரைத் தண்ணீர் விட்டு ஊற்ற வேண்டும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பழைய இலை திரும்பப் பச்சையாகாது, புதுத்துளிரைத்தான் பார்க்க வேண்டும். எதற்கும் பென்சில் கனத்தில் சாண் நீளக் குச்சிகள் சிலவற்றை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த செம்மண்ணில் நட்டு நிழலில் வைக்கச் சொன்னார். வேர்விட இரண்டு மாதம் ஆகும், நடுவில் பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்றார்.

உமி மூட்டைமேல் உட்கார்ந்து திரும்பி வரும்போது, சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். எனக்குப் பழகிய வேலைதான் அது. சொல்லாமலே சரிசெய்யலாம் என்றால், புளித்த மோர் அக்காவின் அடுப்படியிலிருந்துதான் வர வேண்டும்.

போனதும் சொன்னேன். அவர் சாயத் தொட்டியில் நூலைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிறம் ஏறியதும் கழியைத் தொட்டிமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் சாணி வெச்சத, பிண்ணாக்கு வெச்சத எல்லாம் பாத்துக்கினுதான இருந்த?"

"நல்லதுன்னு நெனச்சி ஊத்தினேன்கா."

"ஓடிடாத. துளிர் வர்ற வரைக்கும் நீ இங்கதான் இருக்கணும். செத்துச்சின்னா உன் கையாலயே புடுங்கிட்டுப் போ." உள்ளே போய் மோர்ச் சட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

மண்ணை மாற்றினேன். ஆறு குச்சி நட்டேன். பத்தாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், அது போயிற்று. இன்னொன்றும் அப்படியே போயிற்று. அதன்பிறகுதான் கை அடங்கியது. ஆடி பிறந்தது. துளிர் இல்லை. அக்கா பிடுங்கச் சொல்லவில்லை, செடிப்பக்கம் திரும்பவும் இல்லை.

ஆவணியில் நான்கு மழை பெய்த பிறகு ஒரு கிளை நுனியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. நிறத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஒரு வாரத்தில் நரம்பும் இலையும் ஒரே பச்சையாயின. அக்காவைக் கூப்பிட்டேன். சாயம் ஏறிய விரலால் இலையைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தார்.

"சரி, இனிமே நீ போவலாம்," என்றார். "அந்த நாலு குச்சில ஒண்ண எடுத்துக்கினு போய் எங்கனா வெய்யி."

வைக்க எனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். பொங்கல்வரை இருந்துவிட்டு, ஒரு பெயிண்ட் டப்பாவில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இப்போது காவல் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில், சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்காதபடி சிமெண்டுச் சுவருக்கு நான்கடி தள்ளி நிற்கிறது. மூன்றாம் வருடம் பூத்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

குரல் பதிவாகப் பதில் வந்தது. "என்ன தண்ணி ஊத்தற?"