ஒரே துண்டால் வந்த வினை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறேன். என் நாலு வயது மகளுக்கு மூக்கோரம் கொப்புளம் வந்து உடைந்து, தேன் காய்ந்ததுபோல் பொருக்குத் தட்டியது. சூளைச் சூட்டில் எங்களுக்குக் கொப்புளம் வந்தால், பொம்மை வார்க்கும் வெள்ளைக் களிமண்ணைப் பூசிக்கொள்வோம். அவளுக்கும் பூசிப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். அவள் முகம் துடைத்த துண்டாலேயே, உடன் வேலை செய்யும் மலரின் கைக்குழந்தைக்கும் வாயைத் துடைத்துவிட்டேன்.

நாலாம் நாள் மலர், "யக்கா, இவனுக்கும் கன்னத்துல அதே மாதிரி இருக்குது. நீ பூசின மண்ணையே பூசிடட்டுமா?" என்றாள்.

எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இது சூட்டுக் கொப்புளம் இல்லம்மா. இம்பெடிகோன்னு பாக்டீரியாவால வர்ற தொத்துப்புண். மண்ணெல்லாம் பூசாதீங்க. சோப்புத் தண்ணியில பொருக்க ஊறவச்சு மெதுவா எடுத்துட்டு, இந்தக் களிம்பத் தடவுங்க" என்றார்.

திரும்பும் வழியில் துண்டு விஷயத்தை மலரிடம் சொல்லிவிட்டேன்.

"எதையும் பங்கு போட்டுத் தர்ற ஆளு, புண்ணையும் பங்கு போட்டுட்டியேக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இருவருக்கும் ஆறிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு துண்டு. பிள்ளைக்குப் புண் கண்டால் டாக்டரிடம் காட்டாமல் பட்டறைப் பக்கம் கூட்டிப்போவதில்லை. மலரின் மகனைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், அவள் பார்க்காதபோதும்.